முதல் வெட்டை அளக்காதே

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில், இரும்பைச் சுழற்றிக் கடையும் மூன்றாவது வரிசை லேத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவருக்கு மயிரிழை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டு என்ன பருமனில் இருக்க வேண்டுமோ, அதற்கு மேலேயோ கீழேயோ ஒரு முடியளவுகூடப் பிசகாமல் கடைந்து கொடுப்பார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கூப்பிடத் தயங்கி இழுத்தால், "முழுசா கூப்பிடுப்பா. பாதியில நிறுத்தினாத்தான் கெட்ட வார்த்தை" என்பார்.

அந்தக் கூடத்தில் முப்பது லேத்துகள் ஒரே நேரத்தில் ஓடும். வாயால் பேசுவது வீண். அதனால் எல்லோரும் கையால் பேசிக்கொள்வார்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கிள்ளுவதுபோல் நெருக்கினால் "இன்னும் கொஞ்சம் எடு" என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தட்டையாக நிறுத்தினால் "அளவு வந்தாச்சு, இனிமேல் தொடாதே". கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் "இது தேறாது, கழிவுத் தொட்டியில் போடு". இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும்.

இந்த இரைச்சலை மீறிக் கேட்கிற ஒரே குரல் கூடத்தை மேற்பார்க்கும் ஃபோர்மேனுடையது. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வந்ததில்லை.

வேலையில் மயிரிழைக்கு ஒரு சட்டம் இருந்தது. முதலில் போடுவது முரட்டு வெட்டு. தண்டு அப்போது மேடும் பள்ளமுமாக, அளவுக்கு வெகு தூரத்தில் நிற்கும். அடுத்த வெட்டில் நெருங்கும், அதற்கடுத்த வெட்டில் இன்னும் நெருங்கும், கடைசி வெட்டில் உட்காரும். "முதல் வெட்டை அளந்து பார்த்துட்டு, கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடுறவன் லேத்துக்காரன் இல்ல, அவசரக்காரன்" என்பார். இந்தச் சட்டம் ஒரு நாள் தன்னையே காப்பாற்றப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

நாற்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தேநீர் இடைவேளைக்காக இயந்திரங்கள் நின்றிருந்தபோது, பக்கத்து லேத்துக்காரரிடம் தண்டின் பருமனை அளக்கும் மைக்ரோமீட்டரைக் கேட்டார். வாயிலிருந்து வந்தது "கைமோரீட்டர்".

"என்னக்கா, புது பாஷையா?"

மயிரிழையும் சிரித்தார். மறுபடி சொல்லிப் பார்த்தார். "மைரோகீட்டர்." மூன்றாவது முறை வேறு ஏதோ வந்தது. பக்கத்து லேத்துக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மயிரிழையின் கண்ணில் சிரிப்பு நின்றுவிட்டதை ஃபோர்மேன்தான் பார்த்தார். தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மூளையின் இடது பக்கத்தில் ஒரு இரத்தக்குழாய் அடைத்திருந்தது. சீக்கிரம் கொண்டுவந்ததால் கையும் காலும் தப்பின. மற்றவர்கள் பேசுவது முழுவதும் புரிந்தது. கணக்கு வந்தது, படம் வரைய வந்தது, வழி தெரிந்தது. எழுதப் போனால் எழுத்துகள் முன்பின்னாக விழுந்தன. பேச்சு சரளமாகத்தான் வந்தது. ஆனால் ஒரு சொல்லுக்குள் இருக்கிற ஒலிகள் இடம் மாறி உட்கார்ந்தன. இருக்க வேண்டியது போய் வேறொன்று வந்தது, முன்னால் வருவது பின்னால் போனது. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தவறாகச் சொல்லிவிட்டால், அது தவறு என்பதும் அந்த நொடியே தெரியும். அதுதான் கொடுமை.

அண்டை வீட்டம்மாள் வந்து, "யாரு கண்ணு பட்டுச்சோ, நாக்கைக் கட்டிப்போட்டுடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் கண்ணும் படவில்லை. உறைந்த ஒரு சொட்டு இரத்தம் குழாயை அடைத்தது, அவ்வளவுதான். அடைப்புக்கு மருந்து உண்டு. மனிதர்களின் முட்டாள்தனத்துக்கு மருந்து அவ்வளவு சுலபமில்லை. பேச்சு தடுமாறுகிறவருக்குக் காதும் கேட்காது என்று எண்ணி வந்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டுப் பேசினார்கள். அதைவிட மோசம், அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப்போலப் பேசினார்கள். "சாப்பிடுறாங்களா? நம்மளை அடையாளம் தெரியுதா?" இருபத்திரண்டு வருடம் இரும்பை முடியளவும் பிசகாமல் கடைந்தவரைப் பார்த்து இந்தக் கேள்வி!

பள்ளி வேன் ஓட்டும் கணவர் அன்பானவர். அன்பாலேயே உயிரை எடுத்தார். மனைவி ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிக்க விடமாட்டார்.

"சே... பீச்..."

"சேலையா? பீங்கானா? செருப்பா? இரு, செருப்பு கொண்டாறேன்."

மூன்றையும் கொண்டுவந்து கட்டிலில் அடுக்குவார். அதற்குள் மயிரிழை தானே எழுந்துபோய்ச் சீப்பை எடுத்துத் தலை வாரி முடித்திருப்பார்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து, பேச்சுப் பயிற்சி அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, நாற்பது பட அட்டைகள். பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். நேர்மையானவர், வேலைச்சுமை தாங்காதவர். அட்டையைக் காட்டுவார், படத்தின் பெயரைக் கேட்பார், படிவத்தில் சரி போடுவார் அல்லது பெருக்கல் குறி போடுவார். அந்தப் படிவம் பல வருடங்களுக்கு முன் பிரெஞ்சு மொழியிலிருந்து எடுத்துத் தழுவி எழுதப்பட்டது. அதன் விதி ஒன்றே ஒன்று: முதலில் சொல்லும் பதிலை மட்டும் மதிப்பிடவும்.

நாற்பதில் மயிரிழைக்குக் கிடைத்தது ஆறு.

அறிக்கையில் பயிற்சியாளர் இரண்டு வரி எழுதினார். "பழகிய பொருட்களின் பெயர்களை அறியும் திறன் மிகக் குறைவு. பேசும்போது நோக்கமற்ற கையசைவுகள் காணப்படுகின்றன." எழுதும்போது அவருக்கு உறுத்தல் இருந்தது. ஆனால் படிவத்தில் உறுத்தலுக்குக் கட்டம் கிடையாது.

இந்த இரண்டு வரி தொழிற்சாலைக்குப் போனது. மேலாளர் அதைப் படித்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பினார். ஐந்து வாரத்தில் மருத்துவக் குழு கூடும். மனத்திறன் இழந்தவர் என்று குழு முடிவு செய்தால், மயிரிழையின் வேலை அன்றோடு முடியும். கடிதம் கணவர் பெயருக்கு வந்திருந்தது. மனைவிக்குப் படிக்கத் தெரியாது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

மயிரிழை கடிதத்தைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தார். வாசிப்பு மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து தன் வேலைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டினார். கணவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மயிரிழைக்கு ஒரு தம்பி. தம்பிக்கு ஐந்து வயதில் ஒரு மகள், வீட்டில் கூப்பிடுவது குட்டி. அவளையே கேட்டால் "துட்டி" என்பாள். அவள் வாய்க்குள் 'க' நுழையவே நுழையாது. காக்கா அவளுக்குத் தாத்தா, குதிரை துதிரை. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ததால் தம்பி அவளையும் அதே பேச்சுப் பயிற்சி அறைக்குத்தான் அழைத்து வந்துகொண்டிருந்தார். புதன்கிழமைகளில் அத்தையும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

குழு கூடுவதற்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை, பயிற்சியாளர் நேரம் மிச்சப்படுத்த இருவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார். முதல் அட்டையைக் குட்டியிடம் நீட்டினார்.

"இது என்னம்மா?"

"தத்தரித்தோல்."

வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் சிரித்தார். "ஓ, தத்தரித்தோலா?"

குட்டிக்கு மூக்கு சிவந்தது. "தத்தரித்தோல் இல்ல! தத்தரித்தோல்!"

"அதைத்தானே நானும் சொன்னேன்?"

"நீ தப்பா சொல்ற!"

அவள் காதில் சரியான சொல் சரியாகத்தான் இருந்தது. வாய்தான் அங்கே போகவில்லை. பயிற்சியாளர் பெருக்கல் குறி போட்டுவிட்டு, அதே அட்டையை மயிரிழை பக்கம் திருப்பினார்.

"தக்கரித்கோல்" என்றார் மயிரிழை. தலையை ஆட்டினார். கிள்ளுவதுபோல் விரல்களை நெருக்கினார். "கத்கரித்தோல்." மறுபடி விரல்கள். "கத்தகரிக்... கத்தரிக்..."

பயிற்சியாளரின் பேனா முதல் சொல்லுக்கே பெருக்கல் குறியைப் போட்டு முடித்திருந்தது. அடுத்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கத்தரிக்கோல்" என்றார் மயிரிழை, அட்டை இருந்த காலியிடத்தைப் பார்த்து. உள்ளங்கையைக் கவிழ்த்து நிறுத்தினார்.

குட்டி கைதட்டிச் சிரித்தாள். "அத்தை, நீ ஒவ்வொரு தடவையும் வேற வேற தப்பு பண்ற! நான் ஒரே தப்புதான் பண்றேன்!" ஏதோ தனக்குப் பரிசு கிடைத்ததுபோல் பெருமை.

மயிரிழையும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மேசைமேல் கையை நீட்டிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பெருக்கல் குறிகள் வரிசையாக நின்றன. பென்சிலை எடுத்தார். படிவத்தின் ஓரத்தில் ஒரு தடித்த தண்டு வரைந்தார். அதையொட்டி அதைவிட மெலிந்த தண்டு, அதையொட்டி இன்னும் மெலிந்தது. கடைசியாக வரைந்தது இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. தடித்த தண்டைச் சுட்டினார், பெருக்கல் குறியைச் சுட்டினார். பிறகு மெலிந்த கடைசித் தண்டைச் சுட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

"புரியலையே அக்கா. அந்தக் கை... அது என்ன?"

"மோர்ஃபேன்" என்றார் மயிரிழை. விரல்கள் நெருங்கின. "போர்... ஃபோர்நேம்... ஃபோர்மேன்." உள்ளங்கை கவிழ்ந்தது. காதருகே கையை வைத்துத் தொலைபேசி என்று காட்டினார்.

ஃபோர்மேன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார். அவர் குரலுக்கு அந்தச் சின்ன அறை போதவில்லை. பயிற்சியாளர் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார். இரண்டாவது வரியில் ஃபோர்மேன் நின்றார்.

"நோக்கமற்ற கையசைவா? எதும்மா நோக்கமற்றது? இதுவா?" விரல்களை நெருக்கினார். "இன்னும் கொஞ்சம் எடுக்கணும்னு அர்த்தம். இதுவா?" உள்ளங்கையைக் கவிழ்த்தார். "அளவு வந்தாச்சுன்னு அர்த்தம். முப்பது மெஷினும் இந்தக் கையிலதான் ஓடுது. உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற பம்பும் இந்தக் கையால வந்ததுதான்!"

பயிற்சியாளர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து முதல் நாள் பதிவைப் போட்டார். "பாட்டம்... பட்டாம்சூப்பி... பட்டாம்பூச்சி." படிவத்தில் அதற்குப் பெருக்கல் குறி. அடுத்த சொல், அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு முயற்சியும் முந்தையதைவிடச் சரியான சொல்லுக்குக் கொஞ்சம் அருகில் போனது. எப்போதாவது ஒன்று வழுக்கிப் பின்னால் போனாலும், அடுத்தது மறுபடி முன்னேறியது.

"இவங்க சொல்லைத் தேடிப் போறாங்க" என்றார் பயிற்சியாளர் மெதுவாக. "போற இடம் தெரியாம எப்படி நெருங்கிப் போக முடியும்?"

"முதல் வெட்டை அளந்துட்டீங்கம்மா" என்றார் ஃபோர்மேன். "எங்க அக்கா அதுக்குக் கையை ஒடிப்பாங்க."

அந்த வாரம் முழுக்கப் பயிற்சியாளர் எல்லாப் பதிவுகளையும் மறுபடி கேட்டார். முதல் முயற்சியில் சரியாக வந்தது நாற்பதில் ஆறு. கடைசி முயற்சியில் சரியாக முடிந்தது முப்பத்தொன்று. எட்டுச் சொற்களை அவரே பாதியில் கைவிட்டிருந்தார். சரியான சொல் வந்தபின் அதைத் தாண்டி மயிரிழை ஒரு முறைகூடப் போகவில்லை. தவறான இடத்தில் நிறுத்தியது ஒரே ஒரு சொல்லில். அந்தப் பதிவை உற்றுக் கேட்டபோது, கணவரின் குரல் "குடைதானே? குடைன்னு சொல்லு" என்று குறுக்கே புகுந்திருந்தது. படத்தில் இருந்தது குடம்.

பிறகு அந்தப் படிவத்தின் மூலத்தைத் தேடினார். ஆஸ்பத்திரி நூலகத்தின் கீழ்த்தட்டில், பிரெஞ்சுப் பிரதியும் மொழிபெயர்ப்பும் ஒரே உறைக்குள் தூசியோடு கிடந்தன. எல்லோரும் பயன்படுத்திய நகல் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கியது. முதல் பக்கத்தை யாரோ நகல் எடுக்க மறந்திருந்தார்கள். அதில் ஐந்தே வரிகள். இந்தச் சோதனை இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. குழந்தை பெரும்பாலும் ஒரே பிழையை ஒரே மாதிரித் திரும்பச் செய்யும் என்பதால் முதல் பதில் போதும். மூளைப் பாதிப்பால் பேச்சு இழந்த பெரியவர்களுக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது. அவர்கள் பல முறை முயன்று சொல்லை நெருங்குவதுண்டு.

ஒரு பக்கம். ஒரே ஒரு காகிதம் நகல் இயந்திரத்துக்குள் போகாததால், எத்தனை வருடமாக, எத்தனை பெரியவர்களுக்கு 'அறியும் திறன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் அதை நம்பி வீட்டு மூலையில் முடங்கியிருப்பார்கள்? கொடுமை செய்ய எப்போதும் கொடியவர் தேவைப்படுவதில்லை. அச்சடித்த தாளைக் கேள்வி கேட்காத நல்லவர்களே போதும்.

பயிற்சியாளர் ஒன்றை ஒளிக்காமல் செய்தார். மயிரிழையின் வீட்டுக்கே போய், முதல் பக்கத்தை மேசைமேல் வைத்து, "தப்பு என்னோடது அக்கா" என்றார்.

மயிரிழை காகிதத்தைப் படித்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பயிற்சியாளரைப் பார்த்து, விரல்களைக் கிள்ளுவதுபோல் நெருக்கினார். இன்னும் கொஞ்சம். வேலை முடியவில்லை.

குழு தொழிற்சாலையின் மேல்மாடி அறையில் கூடியது. கண்ணாடி மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், கூடத்தின் இரைச்சல் எட்டாத தடித்த சுவர்கள். தலைமை டாக்டர் நடுவில், ஒரு பக்கம் மேலாளர், மறுபக்கம் தொழிலாளர் நல அதிகாரி அம்மாள். எதிரே இஸ்திரி போட்ட வேலைச் சட்டையில் மயிரிழை. அவருக்குப் பக்கத்தில் கணவர், பயிற்சியாளர், ஃபோர்மேன்.

"இவங்களுக்கு நாம பேசுறது புரியுதா?" என்று மேலாளர் கணவரைக் கேட்டார்.

கணவர் தொண்டையைச் செருமினார். "அவகிட்டயே கேளுங்க சார்."

வாழ்நாளில் அவர் பேசிய மிக நல்ல வாக்கியம் அதுதான். மயிரிழை மேசைக்கடியில் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மேலாளர் முதலில் பாதுகாப்பைப் பற்றி எடுத்தார். "மெஷின் கூடம் ஆபத்தான இடம். பக்கத்துல ஒருத்தருக்கு ஏதாவது ஆனா, இவங்க எப்படிக் கத்திக் கூப்பிடுவாங்க?"

"சார், நீங்க கடைசியா எப்ப கூடத்துக்குள்ள வந்தீங்க?" என்றார் ஃபோர்மேன்.

"அது இப்ப எதுக்கு?"

"அங்க கத்தினா யாருக்கு சார் கேட்கும்? ஸ்பானரை எடுத்து இரும்புல ரெண்டு அடி. எல்லா மெஷினும் நின்னுடும். என்னைத் தவிர அங்க யாரும் கத்துறதில்ல."

நல அதிகாரி குனிந்து ஏதோ எழுதினார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

பயிற்சியாளர் எழுந்து முதல் பக்கத்தை டாக்டரிடம் கொடுத்தார். மூன்று கையசைவுகளையும் விளக்கினார். "இன்னைக்கு இவங்க எத்தனை தடவை வேணும்னாலும் முயற்சி பண்ணட்டும். எங்க நிறுத்தணும்னு இவங்களே சொல்லட்டும். நாம வாயைத் திறக்கக் கூடாது."

அட்டைகள் தொடங்கின. முதல் சொல்லுக்கு ஐந்து முயற்சி. இரண்டாவதுக்கு இரண்டு. மேலாளர் ஒவ்வொரு முதல் பதிலிலும் பேனாவைத் தூக்கினார். ஒவ்வொரு முறையும் மயிரிழையின் இரண்டு விரல்கள் நெருங்கி அந்தப் பேனாவை அந்தரத்தில் நிறுத்தின. உள்ளங்கை கவிழ்ந்தபோதெல்லாம் சொல் முழுசாக மேசைமேல் இருந்தது. பதினேழாவது அட்டையில் ஒன்பது முயற்சிக்குப் பிறகும் சொல் வரவில்லை. மயிரிழை பெருமூச்சு விட்டு, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார்.

"கழிவுத் தொட்டி" என்று ஃபோர்மேன் மொழிபெயர்த்தார்.

நாற்பது முடிந்தது. முப்பத்தைந்து உள்ளங்கை, ஐந்து கட்டைவிரல். தவறான சொல்லுக்கு ஒரு முறைகூட உள்ளங்கை கவிழவில்லை. டாக்டர் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"மூணு வாரமா இதே நாற்பதை மனப்பாடம் பண்ணியிருப்பாங்க" என்றார் மேலாளர். "அட்டையில இல்லாததை நான் கேட்கிறேன்." ஃபோர்மேனைச் சுட்டினார். "இவர் யாரு?"

கணவரின் வாய் தானாகத் திறந்தது. மயிரிழை ஒரு விரலைத் தூக்கினார். அது மூடிக்கொண்டது.

'ஃபோர்மேன்' என்று சொல்லியிருக்கலாம். பழகிய சொல், இப்போதெல்லாம் மூன்றே முயற்சியில் வந்துவிடும். மயிரிழை ஃபோர்மேனை மேலும் கீழுமாகப் பார்த்தார். உதட்டோரம் லேசாக ஒரு பக்கம் ஏறியது.

"கதரடப்..."

விரல்கள் நெருங்கின. மேலாளர் டாக்டரைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் கையை விரித்தார்.

"தரகப்பட்டா."

ஃபோர்மேன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"தகடரப்பா." விரல்கள் இன்னும் நெருங்கின. "தகரபட்டா..."

ஃபோர்மேனின் காது சிவந்தது. "அக்கா, வேணாம்" என்றார். தன் வாழ்க்கையிலேயே மிகச் சின்னக் குரலில்.

"தகரடப்பா" என்றார் மயிரிழை தெளிவாக. உள்ளங்கை கவிழ்ந்து கண்ணாடி மேசையில் சத்தத்தோடு உட்கார்ந்தது.

டாக்டர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "இது என்ன சொல்? உங்களுக்குத் தெரியுமா?"

ஃபோர்மேன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கூடத்துல வச்சிருக்கிற பேரு சார். என் குரலுக்காக. பதினெட்டு வருஷமா தெரியாத மாதிரியே நடந்துட்டு இருக்கேன்."

"சரியா சொன்னாங்களா?"

ஃபோர்மேன் ஒரு நொடி மயிரிழையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையையும் கவிழ்த்தார்.

"மயிரிழை பிசகாம."

நல அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே போட்டுவிட்டு வெடித்துச் சிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே குலுங்கினார். மேலாளர் மட்டும் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் எழுதிய குறிப்பைச் சத்தமாகப் படித்தார். "அறிவிலும் முடிவெடுக்கும் திறனிலும் குறை எதுவும் இல்லை. ஒலிகளைக் கோப்பதில் மட்டும் சிரமம். பழைய வேலைக்கு முழுத் தகுதி உடையவர்." கையெழுத்துப் போட்டு மேலாளர் பக்கம் தள்ளினார். "நீங்களும் போடுங்க. அந்த முதல் பக்கம் எனக்கு ஒரு நகல் வேணும். இந்தப் படிவத்தை வச்சு முடிவு பண்ணின எல்லாக் கோப்பையும் திரும்ப எடுக்கப் போறேன்."

மேலாளர் பேனாவை எடுத்தார். பெருக்கல் குறி போடவே மூன்று மணி நேரம் காத்திருந்த அந்தப் பேனா, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

வாசலில் தம்பி மகளோடு காத்திருந்தார். குட்டி ஓடிவந்து அத்தையின் சட்டையைப் பிடித்தாள். "அத்தை, வேலை தெடச்சுதா?"

மயிரிழை குனிந்து, அவள் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். குட்டிக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "தெடச்சுடுச்சு!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

திங்கட்கிழமை காலை மூன்றாவது வரிசை லேத்தில் ஒரு புதுத் தண்டு பூட்டப்பட்டது. முரட்டு வெட்டில் சுருள்சுருளாக இரும்பு உதிர்ந்தது. மயிரிழை அதை அளக்கவில்லை. இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு. கடைசி வெட்டு முடிந்ததும் பக்கத்து லேத்துக்காரரின் காதருகே குனிந்து மைக்ரோமீட்டரைக் கேட்டார். ஏழு முயற்சி ஆனது. அவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே, நீட்டாமல், சிரிக்காமல், ஏழாவதுவரை காத்திருந்தார்.

அப்போது கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஃபோர்மேனின் குரல் முப்பது லேத்துகளையும் மீறி வந்தது. "அளவு என்னாச்சு?"

அவருக்குப் பக்கத்து லேத்திலிருந்து யாரோ ஒருவர், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, "இரு தகரடப்பா, அக்கா பார்த்துட்டு இருக்காங்க!" என்று பதிலுக்குக் கத்தினார்.

மயிரிழை மைக்ரோமீட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி, உள்ளங்கையைக் கவிழ்த்தார்.